அராவிய பற்கள்

அருமை மகனுக்கு,

போர்முனையில் நீ நலம் என்று உன் படைப்பிரிவு அச்சடித்த அட்டை வந்தது. அச்சு நன்றாக இருந்தது. உன் கையெழுத்துதான் இல்லை.

நம் ஏலக்கடைக்கு இரண்டு ஜெர்மன் பயனெட்டுகள் வந்திருக்கின்றன. முதல் உலகப் போரில் துப்பாக்கி முனையில் மாட்டிய கத்திகள். இரண்டிலும் ஒரே தொழிற்சாலை முத்திரை. ஒன்றின் முதுகில் ரம்பப் பற்கள் உண்டு, மற்றதில் இல்லை.

"பல்லு போன கிழவனை யாருய்யா வாங்குவான்?" என்றார் முதலாளி.

"போகலைங்க, அராவியிருக்காங்க" என்றேன்.

ரம்பக் கத்தியோடு சிக்கியவனை எதிரி கைதியாக்காமல் அங்கேயே கொன்றுவிடுவான் என்று அன்றைய சிப்பாய்கள் பயந்தார்கள். பிறகு மேலிடமே பற்களை அராவச் சொன்னது. பட்டறையில் அராவியிருந்தால் முதுகு சீராக இருக்கும். இதுவோ மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உத்தரவுக்குக் காத்திராத ஒருவன் கையில் கிடைத்த அரத்தால் தேய்த்திருக்கிறான்.

அதிலிருந்து எந்தக் கத்தியைத் தொட்டாலும் அவன் அராவுவது எனக்குக் கேட்கிறது. காதை டாக்டரிடம் காட்டச் சொல்கிறாள் உன் அம்மா. அவள் காதும் சரியில்லை. போர்ச் செய்தி தொடங்கினால் எழுந்துபோய் வெறும் மிக்ஸியை ஓடவிடுகிறாள்.

"வீரமெல்லாம் போட்டோவுக்குப் போதும்னு அவனுக்கு எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். உன்னைப் பிடிப்பவனுக்குக் கொல்லத் தோன்றவைக்கும் எதையாவது உன் கையில் கொடுத்திருந்தால், தொலைத்துவிடு. யாராவது கோழை என்றால், அப்பா வழியில் வந்தது என்று சொல்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா