வண்ணாத்திப்பூச்சிக்கு வைத்த செடிகள்

சுங்காய், பேராக்
அட்சய வருடம், கார்த்திகை 12

முசிறிப் பக்கம் இருக்கும் மரியாதைக்குரிய கருப்பம்மாள் அக்கா அவர்களுக்கு, சுங்காய்த் தோட்டத்திலிருந்து வீரம்மா கும்பிட்டு எழுதிக்கொள்வது. நீங்களும் மகள் செல்லாயியும் நோய்நொடி இல்லாமல் இருக்க இங்குள்ள மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

கையெழுத்தைப் பார்த்து உங்கள் வீட்டுக்காரர் போட்ட கடிதம் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் ஐப்பசி ஒன்பதாம் தேதி காலமானது உண்மைதான். அர்ச்சுனன் கங்காணி அப்போதே எழுதிப் போட்டது இதற்குள் உங்களுக்கு வந்திருக்கும். ஏழு வருடமாக அவர் பேரில் உங்களுக்கு வந்த கடிதங்களை எல்லாம் எழுதியவள் நான். அவருக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி யாராவது எழுதித் தருகிறார் என்று நினைத்திருப்பீர்கள். நான் சின்ன வயதில் தெலுக் ஆன்சனில் ஒரு வாத்தியார் வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் பழகிக்கொண்டேன்.

நான் யார் என்பதைக் கங்காணி எழுதியிருக்கமாட்டார். நானே சொல்லிவிடுகிறேன். ஏழு வருடமாக நான் அவரோடு ஒரே வீட்டில் இருந்தேன். இங்கே கோயிலில் வைத்து எனக்குத் தாலி கட்டினார். அது உங்களுக்குத் தெரியாமல் நடந்தது. ஊரில் நீங்கள் இருப்பது எனக்குத் தெரிந்தே நடந்தது.

இதை யார் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறார்களோ, அவரை இந்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். மேற்கொண்டு கேட்க மனம் இருந்தால் மட்டும் படிக்கச் சொல்லுங்கள்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவரை மூன்று வருடத்துக்கு முன் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் பங்களாத் தோட்டத்துக்கு மாற்றிய விவரம் முன்பே எழுதியிருக்கிறேன். காரணம் எழுதவில்லை. துரைசானிக்கு வண்ணாத்திப்பூச்சிகள் வந்து உட்காரும் தோட்டம் வேண்டியிருந்தது. வந்த நாளிலிருந்து அந்த அம்மாளுக்கு அது ஒன்றுதான் ஆசை. உங்கள் வீட்டுக்காரர் படிக்கட்டின் இரண்டு பக்கமும் செம்பருத்தி வைத்தார். அதற்கு முன்னால் இட்லிப்பூ. பாதையோரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும் உண்ணிச்செடியைத் துரைசானி வேலியோரம் வரிசையாக நடச் சொன்னபோது கூலி வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்துப் பெண்கள் எல்லாரும் சிரித்தோம். பூச்சிகள் முதலில் வந்தது அதற்குத்தான்.

பக்கத்தில் கம்போங் என்று சொல்லும் மலாய்க் கிராமத்திலிருந்து ஒருவர் வேறொரு செடி கொண்டுவந்து கொடுத்தார். ஆள் உயரம் வளரும். உச்சியில் சிவப்புப் பூ கோபுரம் போல அடுக்கடுக்காக நிற்கும். அவர்கள் பாஷையில் அதற்குப் பங்கில் பங்கில் என்று பேர். கூப்பிடு கூப்பிடு என்று அர்த்தமாம். உள்ளங்கை அகலக் கறுப்புப் பூச்சிகள் அதைத் தேடி வந்தன. காற்று அடிக்காத, நாள் முழுக்க வெயில் விழும் இடமாகப் பார்த்து உங்கள் வீட்டுக்காரர் எட்டுச் செடி வைத்தார். மாட்டுக்கொட்டகை எருவைத் தலையில் சுமந்துகொண்டு போய்ப் போட்டார். பூச்சிகள் தண்ணீர் குடிக்கட்டும் என்று ஒரு பழைய தட்டில் மணலைக் கொட்டி ஈரமாகவே வைத்திருப்பார்.

கடிதம் எழுத உட்கார்ந்தால் அவருக்குப் பேச்சு வராது. “சொகமா இருக்கேன்னு எளுது” என்பார். பிறகு செடிகளைப் பற்றிச் சொல்வார். அதை எல்லாம் எழுத இடம் இருக்காது. கடைசியில் “உடம்பைப் பார்த்துக்கொள், மழையில் நனையாதே” என்று ஒரு வரி வருமே, அது அவர் சொன்னதில்லை. நான் சேர்த்தது. படித்துக் காட்டும்போது தலையை ஆட்டுவார்.

இப்போது அந்தத் தோட்டத்தை நான் பார்க்கிறேன். காரியம் முடிந்த மறுநாள் துரை கூப்பிட்டு, களை எடுக்கப் போகவேண்டாம், புருஷன் வேலையை நீயே செய் என்றார். சரி என்றேன். காலையில் போகிறேன். தண்ணீர் ஊற்றுகிறேன். பூத்து முடிந்த கிளைகளை வெட்டுகிறேன். பிறகு திரும்பி வருகிறேன்.

பங்களா வராந்தாவில் எலுமிச்சைத் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றின் இலையைப் புழுக்கள் தின்றுவிடும். குஞ்சாக இருக்கும்போது காக்கை எச்சம் போல இருக்கும், வளர்ந்தால் பச்சையாகிவிடும். அவற்றைப் பொறுக்கி மண்ணெண்ணெய் டின்னில் போடவேண்டும் என்பது துரைசானியின் உத்தரவு. உங்கள் வீட்டுக்காரர் பொறுக்குவார். டின்னில் போடமாட்டார். இலையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் லயத்துக் கறிவேப்பிலையில் விடுவார். பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா சண்டைக்கு வரும். “ஏண்ணே, தொரைசானி வூட்டுப் புளுவுக்கு எங்க கறிவேப்பிலதான் கெடச்சிச்சா?” என்று கேட்கும். “அதுங்கதாங்க்கா நாளைக்குப் பறந்துகிட்டு அங்க போவுது” என்பார்.

நான் அப்படிச் செய்யவில்லை. உத்தரவுப்படி டின்னில் போட்டேன். தொட்டால் தலையில் இரண்டு சிவப்புக் கொம்பை நீட்டும், ஒரு புளித்த வாடை வரும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு வாரம் தினமும் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை துரைசானி என்னைக் கூப்பிட்டார். பூ எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கறுப்புப் பூச்சிகள் ஏன் குறைந்துவிட்டன என்று கேட்டார். பங்களாச் சமையல்காரர் மாயாண்டி அண்ணன் மொழிபெயர்த்துச் சொன்னார். நான் டின்னைக் கொண்டுவந்து காட்டினேன். “புளுதாம்மா பூச்சி. இத எண்ணெயில போட்டா அது எங்கேருந்து வரும்?” என்றேன். மாயாண்டி அண்ணன் அதைச் சொல்லத் தயங்கினார். “சொல்லிருங்கண்ணே” என்றேன். சொன்னார். துரைசானி டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். இத்தனை நாள் தோட்டத்தைப் பார்த்த சன்னாசி ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். இனிமேல் புழுவைத் தொடவேண்டாம், எலுமிச்சை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்களும் கேட்பீர்கள். ஒவ்வொரு முறை காகிதத்தை எடுக்கும்போதும், என்னைப் பற்றி எழுதட்டுமா என்று அவரைக் கேட்பேன். “அடுத்த கடுதாசியில எளுதலாம்” என்பார். அவரை மட்டும் குறை சொல்லக்கூடாது. எழுதுகிற கை என்னுடையது. எழுதியிருக்கலாம். உங்களிடமிருந்து பதில் வராமல் போய்விடுமோ என்று பயந்தேன். உங்கள் பதிலை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுவேன். செல்லாயிக்கு அம்மை போட்டு இறங்கியதும், வடக்குக் கொல்லைக் கிணறு வற்றியதும் எனக்குத் தெரியும். எனக்குப் பிள்ளை இல்லை. செல்லாயி எத்தனை உயரம் வளர்ந்திருப்பாள் என்று நாங்கள் இரண்டு பேரும் சுவரில் கையை வைத்துப் பார்ப்போம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மழையில் செம்பருத்தி வெட்டிவிட்டு வந்தவர் குளிர் என்று படுத்தார். மருந்து கொடுக்கும் டிரசர் காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தார். நான்காம் நாள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ஒன்பதாம் தேதி மத்தியானம் கண்ணைத் திறந்து, “கருப்பம்மா” என்று கூப்பிட்டார். “கருப்பம்மா, இருக்கியா?” என்றார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. “இருக்கேன்” என்றேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். “எப்ப வந்தே?” என்று கேட்டார். “இப்பத்தான் வந்தேன்” என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேச்சு இல்லை. பொழுது சாயும் முன்னால் போய்விட்டார்.

அவர் பேரில் நான் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். உங்கள் பேரில் பேசியது அந்த ஒரு தடவைதான். தப்பென்றால் மன்னிக்கவேண்டும். அவர் கடைசியாகப் பிடித்தது உங்கள் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அப்படித்தான் நினைத்தார்.

கங்காணி ஆள் சேர்க்க ஊருக்கு வருகிறார். இந்தக் கடிதத்தோடு உங்கள் வீட்டுக்காரருடைய கடுக்கனையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். செல்லாயி கல்யாணத்துக்கு அழித்து ஏதாவது செய்து போடுங்கள். என் பேரைச் சொல்லவேண்டாம், அப்பா கொடுத்தது என்று சொல்லுங்கள்.

எனக்குப் பதில் எழுதவேண்டும் என்று கேட்கமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை அக்கா. பதினாறாம் நாள் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்கள், அப்போதும் வரவில்லை. லயத்தில் ஒரு மாதிரிப் பேசுகிறார்கள். நீங்கள் அழும்போது என் பங்கையும் சேர்த்து அழுதுவிடுங்கள்.

மாரியம்மன் உங்களையும் செல்லாயியையும் கைவிடாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை என்று எழுதலாமா என்று தெரியாத
வீரம்மா