முதலாளி வீட்டுக் கும்பிடுபூச்சி

மகாராணிக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? எனக்கு ஒரு குறையுமில்லை.

இந்த வாரம் கதவு, ஜன்னல் வேலையெல்லாம் கிடையாது, அலங்கார வேலைதான். முதலாளி கும்பிடுபூச்சி வளர்க்கிறார். அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பாசி மெத்தை, காய்ந்த கிளை, குளிராமலிருக்க விளக்கு. பூச்சி வேடிக்கை பார்க்கப் பெட்டியை ஜன்னலோரம் வைக்க வேண்டுமாம். என் அறைக்கு ஜன்னலே கிடையாது, அது போகட்டும். விரல் நீளத்தில் ஓர் ஊஞ்சல் இழைத்துக் கொடுத்தேன். சொரசொரப்பாக இருக்கிறது, பூச்சிக்கு உறுத்தும் என்று திருப்பிக் கொடுத்தார். பெரிய மனுஷன்!

எல்லாம் முடிந்ததும் பெட்டியைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"பாவம்யா, துணையில்லாம ஏங்கிடும்."

போன மாதம் ஊருக்கு வர லீவு கேட்டேனே, அப்போது, "இன்னும் ஒரு வருஷந்தானே, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று சொன்ன அதே வாய்.

உடனே ஒரு பெண் பூச்சியை வாங்கி உள்ளே விட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மாப்பிள்ளைக்குத் தலையில்லை. மீதியை மணப்பெண் நிதானமாக மென்றுகொண்டிருந்தாள். துக்கத்தில் முதலாளி அன்று ஆபீசுக்கே போகவில்லை. நான் திரும்பி நின்று சிரித்தேன். பயப்படாதே, அவர் பார்க்கவில்லை.

இதோ கூப்பிடுகிறார், பெட்டியைக் கழுவ வேண்டுமாம். உன் பழைய புடவை ஒன்றை அனுப்பி வை, ஜன்னலுக்குத் திரை போட வேண்டும். ஜன்னல்தான் இல்லையே என்று கேட்காதே.

இன்னும் தலையோடு இருக்கும்,
உன் வீட்டுக்காரன்