போடாத ஊசி

மார்ச் 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். பூட்ஸ் காயவில்லை. சேகர் அண்ணன் தேயிலைச் சரிவில் விழுந்து இரண்டு வாரம். மலைக்குக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரியில் படுக்கை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

போனில் படித்தது: தண்டுவடத்தில் அடிபட்டால் முதல் சில மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி. நரம்பு பிழைக்கலாமாம். அண்ணனுக்குப் போடவில்லை. ஏன்? தோட்டத்துத் தொழிலாளி, அதனால்தான். மேனேஜர் துரை வீட்டுப் பிள்ளை விழுந்திருந்தால் ஹெலிகாப்டர் வந்திருக்கும்.

மணியண்ணனுக்கு எங்கள் லயத்து வீடுகளில் இப்போது தனி மரியாதை. அண்ணனோடு கொழுந்து வெட்டும் மெஷின் பிடிக்கிற ஜோடி. அன்று மூட்டை தூக்குகிற மாதிரியே அண்ணனைத் தோளில் போட்டு ரோடு வரை இறக்கியவர். தினமும் அம்மா கையால் சோறு. "நீ இல்லேன்னா எம்புள்ள அங்கயே கெடந்திருப்பான் மணி."

மார்ச் 6, வியாழன்
ஈப்போ. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஒரு டூரிஸ்ட் வாந்தி. அண்ணனுக்கு: சோப்பு, ஷேவர், சார்ஜர். சார்ஜர் மறந்தாச்சு.

டாக்டரை மடக்கினேன். தமிழ்ப் பெண். "ஏன் டாக்டர் அந்த ஊசி போடல? நாங்க எஸ்டேட்டுன்னா?"

கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

"அடி ஒரு தடவைதான் விழுது. அதுக்கப்புறம் வீக்கம், ரத்த ஓட்டம் குறையுது, மிச்ச நரம்பும் சாகுது. அதைத் தடுக்கத்தான் அந்த ஊசி. முன்னாடி நிறைய பேருக்குப் போட்டாங்க. பலன் உறுதியா இல்ல. கிருமி தொத்துது, வயித்துல ரத்தம் கசியுது. இப்ப எல்லாருக்கும் போடுறதில்ல. வேற மருந்துங்க இன்னும் ஆராய்ச்சியிலதான்."

"அப்ப நரம்பக் காப்பாத்த என்னதான் இருக்கு?"

"அசையாம பலகையில வச்சுக் கொண்டு வரணும். பிரஷர் இறங்கக் கூடாது. சீக்கிரம் ஆபரேஷன். அவர எப்படி இறக்கினீங்க?"

சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அப்படித் தூக்கினதாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது."

வார்டில் அண்ணன், முகம் சுவர் பக்கம். விழுந்து கிடந்தபோது கணுக்காலில் அட்டைப்பூச்சி ஊர்ந்தது தெரிந்ததாம். ரோட்டுக்கு வந்தபோது கால் இருப்பதே தெரியவில்லையாம்.

"மணிகிட்ட சொல்லிடாதடா. செத்துருவான்."

மார்ச் 7, வெள்ளி
வெயில். மேனேஜரிடம் போய், மேல் சரிவில் ஒரு ஸ்ட்ரெச்சர் வையுங்கள் என்றேன். "ஆம்புலன்ஸ் இருக்குலா, தம்பி." ஆம்புலன்ஸ் சரிவில் ஏறுமா? மழையில் நனையாமல் இருக்க மெஷினுக்கு உறை உண்டு. அதைப் பிடிக்கிறவனுக்கு ஒரு பலகை கிடையாது.

சாயங்காலம் கடையில் மணியண்ணன். "என்னா கனம்டா உங்கண்ணன். ஒரு தடவகூட கீழ வைக்கல." ஆளாளுக்கு அவர் முதுகில் தட்டுகிறார்கள். என் தே தாரிக் டீ பாதியிலேயே நின்றது.

சொல்லாவிட்டால் அடுத்து விழுகிறவனையும் இப்படித்தான் தூக்குவார். சொன்னால்?

மார்ச் 10, திங்கள்
ராத்திரி மழை. சரிவெல்லாம் வழுக்கல். வங்காளதேசத்து ரஹீம் மெஷினோடு சறுக்கி மல்லாக்க விழுந்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறல். முதலில் ஓடியது மணியண்ணன். குனிந்து தோளைக் கொடுத்தார். "கழுத்தப் புடிச்சுக்கடா."

"தூக்காதீங்கண்ணே." கத்திவிட்டேன். "அசைக்கவே கூடாது. டாக்டர் சொன்னாங்க. பலகை வேணும்."

லயத்துக் கதவைக் கழற்ற இரண்டு பேர் ஓட்டம். ரஹீமின் தலை ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

மணியண்ணன் எதிரே மண்டியிட்டபடி. நீட்டிய கை அப்படியே.

"அப்ப சேகரு?"

கதவு வரும்வரை ரஹீமின் முகத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.