ஒன்றும் கிடைக்காத ஊர்

12 மார்ச் 1984, திங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. கறவை மாட்டுக் கடனால் ஏழைகள் முன்னேறுகிறார்களா என்பது எங்கள் பேராசிரியரின் ஆய்வு. மேலூர்ப் பக்கம் ஓர் ஊருக்குக் கடன் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்; பக்கத்து ஊருக்கு மட்டும் ஆய்வு முடியும்வரை கொடுக்காதீர்கள் என்று அதிகாரிகளிடம் இவரே சொல்லிவைத்தார். அந்த ஊரில் போய்க் கேள்வி கேட்பது என் வேலை.

இன்று போனால், பஞ்சவர்ணத்தக்கா வீட்டு வாசலில் மாடு நிற்கிறது.

"ஒங்கள நம்பி எம்புட்டு நாளுதான் கெடக்குறது தம்பி? பொம்பளைக எல்லாம் பேங்கு வாசல்ல போயி உக்காந்துட்டோம். குடுத்துட்டாக" என்று சிரித்தார். குடிக்கப் பால் கொடுத்தார்.

சாயங்காலம் பேராசிரியரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். மனுஷன் மேசையில் ஓங்கி அடித்தார்.

"என் ஆய்வையே கெடுத்துட்டாங்களேய்யா!"

மாடு வாங்கியதா கெடுதல்? கேட்க முடியுமா? நாளைய சோறு அவர் கையில்.

"அந்த ஊர விட்டுரு. ஒண்ணுமே கிடைக்காத ஊரா வேற பாரு" என்றார்.

காலையில் மேலூர் பஸ் ஏற வேண்டும். தேட என்ன இருக்கிறது? ஒத்தக்கடை தாண்டி எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் அப்படி ஓர் ஊர்தான்.