இருபத்தைந்தாம் தேதி கடை கிடையாது

தென்காசி
29.12.2025

அன்புள்ள மகன் ஜெபஸ்டினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடுகிறோம், நீயும் மருமகள் பெர்சிஸும் அந்தப் பனிக்குள் சுகமாக இருக்க ராத்திரி ஜெபத்தில் தவறாமல் சொல்லுகிறேன், காதை மூடாமல் வெளியே இறங்காதே. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், கடிதத்தில் அது முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். கடை ஷட்டரில் நான் ஒட்டிய தாளை யாரோ படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதில் உன் மானம் போய்விட்டதாம், நான் அதே குரூப்பில் மன்னிப்பு எழுத வேண்டுமாம். எழுத மாட்டேன். "25ஆம் தேதி கடை கிடையாது. உண்டு என்று என் மகன் சொன்னது தவறு. இப்படிக்கு தங்கபுஷ்பம்" என்றுதான் எழுதினேன், அதில் எந்த வார்த்தை பொய்?

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கிறிஸ்துமஸ் அன்று நாள் முழுக்கக் கடை உண்டு, எல்லாத் துணிக்கும் தள்ளுபடி என்று தாடிக்காரத் தாத்தா படம் போட்டு நீ விளம்பரம் விட்டிருக்கிறாய். உலகமே அன்றைக்குத்தான் வியாபாரம் பண்ணுகிறது, புதுவருசக் கூட்டமும் வரும், குற்றாலத்துக்குக் குளிக்க வரும் சாமிமார் கூட்டமும் வரும் என்கிறாய். உலகம் பண்ணட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், கொள்முதலும் கணக்கும் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, நானே விழுந்து எழுந்து படித்தேன். கடை வைத்த இரண்டாம் வருசம் கூட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, ஆராதனை முடிந்ததும் அரை மணி நேரம் என்று கிறிஸ்துமஸ் அன்று திறந்தேன். வீடு திரும்ப மூன்று மணி. அம்மா வந்துதான் சாப்பிடுவேன் என்று அடம் பிடித்து நீ புதுச்சட்டையோடு வாசல்படியில் பட்டினியாகத் தூங்கிக் கிடந்தாய். அதிலிருந்துதான் அந்த நாள் கடை கிடையாது. அப்படிக் கிடந்த பிள்ளை இப்போது திற என்கிறது.

விளம்பரத்தைக்கூட விட்டுவிடுவேன். கடைப்பிள்ளை முத்துசெல்விக்கு நீ போன் பண்ணினாய் பார், அதுதான் ஆறவில்லை. இருபத்துநாலு சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பண்டிகைத் துணி கொடுத்து, நாளை கழித்து வாருங்கள் என்கிறேன், அவள் மட்டும் நின்றுகொண்டு, "ஆச்சி, நாளைக்கு ஒம்பது மணிக்கு வரணும்னு அண்ணன் சொன்னாவளே" என்கிறாள். கண் சிவந்திருந்தது. துருவிக் கேட்ட பிறகுதான் விசயம் வருகிறது. அவள் அப்பா குத்தாலிங்கத்தை உனக்குத் தெரியும், மேலகரத்தில் அவர் விழுந்து கிடக்காத ஓடை கிடையாது. இந்தக் கார்த்திகையில்தான் முதன்முதலாக மாலை போட்டார், அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. இருமுடிக்குள் வீட்டார் ஆளுக்கு மூன்று கை அரிசி போட்டுத்தான் கட்டுவார்கள். மகளுக்கு லீவு கிடைக்கிற நாள் என்று பார்த்து இருபத்தைந்தாம் தேதி கட்டு வைத்திருந்தார்கள். நீ கூப்பிட்டதும் இவள் வேலை போய்விடும் என்று பயந்து, நான் வரவில்லை, நீங்கள் கட்டிப் போங்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அந்த மனுசன், "அவ வரலன்னா எனக்கு எதுக்கு மாலை, கழட்டி வச்சிருதேன்" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாராம். கழற்றினால் நேரே எங்கே போவார் என்று அந்த வீட்டுக்குத் தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதலாளி மகன் சொல்லும்போது நான் என்ன சொல்ல ஆச்சி என்றாள். அவளை அப்போதே பஸ் ஏற்றிவிட்டு வந்துதான் அந்தத் தாளை எழுதி ஒட்டினேன்.

மறுநாள் காலையில் உன் தள்ளுபடியை நம்பி செங்கோட்டையிலிருந்துகூட ஆள் வந்ததாம். பக்கத்துப் பேக் கடை துல்கர்னைன்தான் எல்லாருக்கும் பதில் சொல்லி, "ஆச்சி எழுதுனா எழுதுனதுதான், நாளைக்கு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார். அதில் நாலு பேர் திட்டிவிட்டுப் போனார்களாம், போகட்டும். நானும் அப்பாவும் அதிகாலை ஆராதனை முடிந்து ஆட்டோ பிடித்து மேலகரம் போனோம், அந்த மாலை கழுத்தில் கிடக்கிறதா என்று பார்க்காமல் எனக்கு வாயில் சோறு இறங்காது. கிடந்தது. முத்துசெல்வி அள்ளிப் போட்டதில் அரிசி பாதி தரையில் சிந்தியது, அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டார். என்னையும் போடக் கூப்பிட்டார்கள், நான் வேதக்காரி, ஒதுங்கி நின்றேன், அதில் ஒருவருக்கும் வருத்தமில்லை. இருமுடியைத் தலையில் ஏற்றின பிறகு அவர் என்னைப் பார்த்து, "ஆச்சி, எம்மவ வந்துட்டா" என்றார். சாமிமார் பந்தியிலேயே எங்களுக்கும் இலை போட்டார்கள். கிறிஸ்துமஸுக்குக் கறி இல்லாமல் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை என்று உன் அப்பா வீடு வரைக்கும் முனங்கிக்கொண்டே வந்தார், ஆனால் இரண்டு தடவை பாயசம் வாங்கினது எனக்குத் தெரியும்.

பெர்சிஸை வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகவிடாதே, வேதபுத்தகத்தை அலமாரியிலேயே பூட்டி வைக்காதே. ஆண்டவர் உங்கள் இரண்டு பேருக்கும் நல்ல சுகமும், உனக்குக் கொஞ்சம் புத்தியும் தரட்டும். கடை போனைப் பத்து மணிக்கு மேல் முத்துசெல்விதான் எடுப்பாள். கூப்பிட்டு, நான் செய்தது தப்பு என்று சுற்றி வளைக்காமல் அவளிடம் சொல். அவள் வந்து அண்ணன் பேசிவிட்டார்கள் என்று சொல்லுகிறவரை உன் போனை நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கபுஷ்பம்