பஞ்சவர் படுக்கையில் ஒரு பெயர்

விளாங்குடி, மதுரை
4.11.2002

அன்புள்ள சம்பந்தி சாந்தாராம் அவர்களுக்கு,

நாகசுப்பிரமணியன் எழுதுகிறேன். அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிச்சயதார்த்தம் ஆவதற்கு முன்பே 'சம்பந்தி' என்று எழுதலாமா எனச் சற்றுத் தயங்கினேன். வசுந்தராவைப் பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது நீங்களே என்னை அப்படி அழைத்ததால் துணிந்தேன். நீங்கள் போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. எனக்குப் போனில் வார்த்தை வருவதில்லை.

24ஆம் தேதி ஞாயிறு குடும்பத்தோடு வேனில் வரும்போது மதுரையில் பார்க்கத் தகுந்த இடங்கள் எவை என்று கேட்டீர்கள். கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் இருந்தவன் நான். படித்துப் பார்க்காத புத்தகத்தை நல்ல புத்தகம் என்று யாரிடமும் நீட்டியதில்லை. அந்தப் பழக்கத்தில், எழுதுவதற்கு முன் எல்லா இடத்தையும் ஒரு முறை பார்த்துவிடக் கிளம்பினேன். பார்க்காமலே எழுதியிருக்கலாம்.

வைகைக் கரையைச் சொல்ல நினைத்திருந்தேன். பாலத்தடியில் கோழிக் கழிவைச் சாக்கில் கட்டிப் போட்டிருந்தார்கள். சாக்கை நாய் பிரித்திருந்தது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெப்பக்குளத்துப் படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தேன். எழுந்தபோது அது யாரோ துப்பிய வெற்றிலை எச்சிலில் ஒட்டிக்கொண்டிருந்தது. தொட மனமில்லாமல் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அதுவும் குப்பைதானே என்று வீட்டுக்கு வந்தபின் உறுத்தியது.

சோழவந்தான் பக்கம் காலையில் போனால் வெற்றிலைக் கொடிக்கால் குளுமையாக இருக்கும். சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்.

மனதாரச் சொல்வதற்கு ஓர் இடம்தான் மிஞ்சியது. ஊருக்கு மேற்கே, ஒரு கண்மாயை ஒட்டிச் சிறு குன்று இருக்கிறது. மேலே குகை. பழைய காலத்துச் சமண முனிவர்கள் படுப்பதற்காகப் பாறையை இழைத்துக் கட்டில் போல் செய்திருக்கிறார்கள். பாண்டவர் ஐவரும் படுத்த இடம் என்று நம்பி ஊர்க்காரர்கள் பஞ்சவர் படுக்கை என்பார்கள். கூட்டம் கிடையாது. நான் போன அன்று காற்றின் சத்தம்தான் இருந்தது. தலைமாட்டுப் பக்கம் பாறையை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். இரண்டாயிரம் வருடத்துக் கல், கண்ணாடி போல் வழுவழுப்பாக இருக்கிறது. வழிக்குத் தனித்தாளில் படம் வரைந்திருக்கிறேன்.

நிச்சயத்துக்கு முன் பெண் வீட்டார் கூடவே சுற்றக்கூடாது என்று வசுந்தராவின் அம்மா சொல்வதால் நாங்கள் வரவில்லை. மாலை டிபனுக்கு அவசியம் வீட்டுக்கு வர வேண்டும்.

பணிவுடன்,
நாகசுப்பிரமணியன்


சேலம்
26.11.2002

பிரியமுள்ள சம்பந்திக்கு,

வந்து சேர்ந்தோம். உங்கள் வீட்டம்மா போட்ட கல்யாண முருங்கை வடையைப் பற்றி என் மனைவி இன்னும் பேசி முடிக்கவில்லை. நான் எட்டு தின்றதை அவள் எண்ணியிருக்கிறாள் என்பது வேனில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் சொன்ன இடம் அருமை. கொடிக்காலில் என் தங்கை செருப்போடு நுழையப் போய் நல்ல வசவு வாங்கினாள். குகைக்கு ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் மேலே போனதும் ஏசி ரூம் மாதிரி இருந்தது. அந்தக் கல் கட்டிலிலேயே இலையைப் போட்டு எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். எனக்கு அங்கேயே ஒரு தூக்கம். முனிவர்கள் விவரமான ஆட்கள்தான்.

ஒரு ரகசியம். 'சொல்லாதீங்கப்பா' என்று உமேஷ் சத்தியம் வாங்கியிருக்கிறான். என் வாய் சும்மா இருக்குமா? வசுந்தராவுக்கென்று அவன் அங்கே ஒரு பரிசு விட்டுவிட்டு வந்திருக்கிறான். நீங்கள் தடவிப் பார்க்கச் சொன்னீர்களே, அதே இடம். ஒரு நாள் பெண்ணைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். என்ன வெட்கப்படுகிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

தை 12 நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பேசிவிட்டேன்.

உங்கள்,
சாந்தாராம்


விளாங்குடி
2.12.2002

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பரிசு என்னவென்று தெரியாமல் பெண்ணை அழைத்துப் போகத் தயங்கி, நேற்று நான் மட்டும் போய் வந்தேன். இதை எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். நான் மிகைப்படுத்துவதாக உங்களுக்குத் தோன்றலாம். எனக்கே சில சமயம் அப்படித்தான் தோன்றுகிறது.

படுக்கையில் நீங்கள் சாப்பிட்ட இலைகள் காய்ந்து கிடந்தன. அவற்றின் மேல் எறும்பு. எலுமிச்சைச் சாதம் பாறையில் மஞ்சளாக அப்பியிருந்தது. எல்லாவற்றையும் துண்டில் கட்டிக் கீழே கொண்டு வந்தேன். அது பெரிய விஷயமில்லை, துடைத்தால் போய்விடும்.

தலைமாட்டுக் கல்லில் 'உமேஷ் – வசுந்தரா' என்று செதுக்கியிருக்கிறது. கீழே தேதி. சுற்றி இதய வடிவம். ஸ்குரூ டிரைவரால் செய்திருக்க வேண்டும், கோடு என் நகம் புதையும் ஆழம். அதற்குள் சிவப்புப் பெயின்ட் வேறு. நான் உங்களைத் தடவிப் பார்க்கச் சொன்ன அதே இடம்தான். வழுவழுப்பாக இருப்பதாக எழுதிக் கொடுத்தவன் நான். எழுதுவதற்குப் பலகை எங்கே இருக்கிறது என்று நானே காட்டிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

நூலகத்தில் புத்தக ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கியதை ரப்பர் வைத்து அழிப்பது என் வேலைகளில் ஒன்று. அப்போதெல்லாம் முகம் சுளிப்பேன், அடுத்த பக்கம் திருப்பினால் மறந்துவிடும். இங்கே திருப்புவதற்குப் பக்கம் இல்லை. எச்சில் தட்டில் சாப்பிட்டுவிட்டவன் போல் இறங்கி வந்தேன். வந்து இரண்டு முறை குளித்தேன்.

மாப்பிள்ளை ஆசையில் செய்தார் என்பது எனக்குப் புரிகிறது. வசுந்தராவிடம் இன்னும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் ஆறுதலாக இருக்கும். தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

பணிவுடன்,
நாகசுப்பிரமணியன்


சேலம்
7.12.2002

பிரியமுள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் கல்லுக்கு!

ஐயா, அவன் எழுதியது உங்கள் மகள் பெயரை. கட்டிக்கொள்ளப் போகிறவள் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டு வரும் பையன் இந்தக் காலத்தில் எத்தனை பேர்? அவன் போன இடமெல்லாம் பெயர் எழுதுவான். ஏற்காட்டில் இருக்கிறது, ஒகேனக்கல்லில் இருக்கிறது, கொடைக்கானலில் ஒரு மரத்தில் இருக்கிறது. சின்ன வயதில் நான்தான் தோளில் தூக்கி வைத்து எழுத வைத்தேன். இத்தனை நாள் தனியாக நின்ற பெயர் இப்போதுதான் ஜோடியாகியிருக்கிறது. மாப்பிள்ளை குடிக்கிறான், சீட்டாடுகிறான் என்று மாமனார்கள் அழுது பார்த்திருக்கிறேன். கல்லில் எழுதினான் என்று அழுபவர் நீங்கள்தான்.

நல்ல மனதோடு ஒன்று சொல்கிறேன். வசுந்தராவுக்கு இருபத்தெட்டு முடிகிறது. எங்களுக்கு அது குறையாகவே தோன்றவில்லை. எல்லோரும் அப்படி நினைக்க மாட்டார்கள். இந்தச் சின்ன விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம்.

உங்கள்,
சாந்தாராம்


விளாங்குடி
16.12.2002

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதில் நியாயம் இருக்கலாம் என்று ஒரு வாரம் சும்மா இருந்தேன். வயதைப் பற்றி எழுதியிருந்ததை வசுந்தராவின் அம்மா படித்துவிட்டு, 'உங்க கல்லைக் கட்டிக்கிட்டு நீங்களே அழுங்க, என் பொண்ணு வாழ்க்கையில போடாதீங்க' என்றாள். பிறகு, ஒளித்து வைக்க மனம் வராமல், கடிதங்களை மகளிடமே கொடுத்துவிட்டேன். அவள் படித்தாள். 'பாத்துட்டு வருவோம்ப்பா' என்று மட்டும் சொன்னாள். நேற்று இருவரும் போனோம்.

குன்றின் அடியில் செல்லத்தாய் என்ற அம்மாள் வேகவைத்த கடலை விற்கிறார். முன்பு போனபோதெல்லாம் அவரிடம்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். நாங்கள் ஏறப்போவதைப் பார்த்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பொம்பளப் புள்ளையக் கூட்டிட்டு மேல போகாதீகய்யா. இம்புட்டு நாளு ஒரு ஈ காக்கா வராது. இப்ப யாரோ வசுந்தராவாம்ல, அவ பேரப் பாக்கன்னே பயலுக வண்டி போட்டு வாராய்ங்க. பாத்துட்டு என்னத்தையோ எழுதி வச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே எறங்குறாய்ங்க. எவ பெத்த புள்ளையோ, பாவம்."

நான் கடலை வாங்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வசுந்தரா அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தாள்.

உங்கள் மகன் எழுதியதைச் சுற்றி இப்போது வேறு பலர் எழுதியிருக்கிறார்கள். கரியால், ஆணியால். என் மகள் பெயரோடு சேர்த்து. ஒரு படமும் இருக்கிறது. அந்த வார்த்தைகளை என்னால் இந்தத் தாளில் எழுத முடியாது. என் மகள் அவை அத்தனையையும் நின்று படித்தாள். பெற்றவன் பக்கத்தில் நிற்கும்போது படித்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் அவள் சொன்னது: "எனக்குக் கோவம் இல்லப்பா. அவர ஒருதரம் வரச் சொல்லுங்க. எங்கூட நின்னு பாக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

அவள் கேட்பது அவ்வளவுதான். தயவுசெய்து அனுப்பி வையுங்கள். இது பெரிய விஷயமா சின்ன விஷயமா என்று அளக்கும் நிலையில் நான் இல்லை.

நாகசுப்பிரமணியன்


சேலம்
19.12.2002

பிரியமுள்ள சம்பந்திக்கு,

படித்ததும் எனக்கே ரத்தம் கொதித்தது. உமேஷ் சாப்பிடாமல் எழுந்துவிட்டான். ஞாயிறு காலை மதுரையில் பஸ் இறங்குவான். வேண்டிய சாமானோடு வருகிறான். அந்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மறு வேலை என்கிறான். இனி கவலையை விடுங்கள். இதைத்தானே நீங்களும் எதிர்பார்த்தீர்கள்?

சாந்தாராம்


விளாங்குடி
27.12.2002

மதிப்பிற்குரிய திரு. சாந்தாராம் அவர்களுக்கு,

உமேஷ் மரியாதை தெரிந்த பிள்ளை. குன்றில் ஏறும்போது என் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டார். என் குடையையும் அவரே தூக்கி வந்தார். இதை முதலில் எழுதுவதுதான் நியாயம்.

மேலே போய்ப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "எந்த நாய் மாமா எழுதினது? கையில கிடைச்சான்னா விரலை ஒடிச்சிருவேன்" என்றார். வசுந்தரா அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். அவர் பையைத் திறந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

"தம்பி, வேண்டாம், கல்லு" என்றேன். என் குரல் எப்போதும் உரக்க வராது. சுத்தியல் சத்தத்தில் கேட்டிருக்காது. அசிங்கம் இருந்த இடமெல்லாம் சில்லுச் சில்லாகக் கொத்தினார். வேர்த்து ஒழுகியது, நிறுத்தவில்லை. வழுவழுப்பாக இருந்த தலைமாடு அம்மி பொளிந்ததுபோல் ஆகிவிட்டது. முடித்துவிட்டுத் தூசியை ஊதினார். நடுவில் அவர் எழுதியது மட்டும் அப்படியே நின்றது. சுற்றிலும் கொத்திவிட்டதால் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

"இப்பப் பாரு, நம்ம பேரு மட்டும்தான்" என்றார்.

"இதை யாரு எழுதினது?" என்று வசுந்தரா கேட்டாள்.

"நான்தான். தெரியாத மாதிரி கேக்கற."

"அவங்களும் இப்படித்தான எழுதியிருக்காங்க?"

"அது அசிங்கம் வசு. நான் ஆசையா எழுதினேன். ரெண்டும் ஒண்ணா?"

"எழுதட்டுமான்னு என்னக் கேட்டீங்களா?"

"சர்ப்ரைஸ்னா கேட்டுட்டா செய்வாங்க?" என்று சிரித்தார். என்னையும் பார்த்துச் சிரித்தார். இப்படிப்பட்ட நேரத்தில் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவது என் வழக்கம். அன்று வரவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, இலையும் எச்சிலும் கரிப் படமும் தராத குமட்டல் வந்தது. இப்படி எழுதுவதற்கு மன்னிக்கவும், ஆனால் உண்மை அதுதான்.

வசுந்தரா இறங்கிப் போனாள். கண்மாயில் கரம்பை மண்ணைக் குழைத்து, செல்லத்தாய் கடலை அளக்கும் டப்பாவில் கொண்டு வந்தாள். படுக்கையின் ஓரம் மண்டியிட்டு, தன் பெயரின் ஒவ்வொரு எழுத்தாக மண்ணை வைத்துக் கட்டை விரலால் அழுத்தி மூடினாள். சிவப்புத் தெரியாமல் போகும்வரை மூடினாள். அவருடைய பெயரைத் தொடவில்லை. "என்ன விளையாட்டு இது? பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று உமேஷ் இரண்டு முறை கேட்டார். பிறகு உளியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்தபோது செல்லத்தாய் மேலே பார்த்தார், பெண்ணின் கையைப் பார்த்தார். ஒரு படி கடலையை அள்ளி அவள் முந்தானையில் போட்டார்.

தை 12இல் நிச்சயதார்த்தம் வேண்டாம். வசுந்தராவின் முடிவு இது, என்னுடையதும். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு ஐந்து நாளாயிற்று. எழுதிப் பார்த்தால் சிறியதாகத்தான் இருக்கிறது. அவள் அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. நீங்கள் செய்த செலவை எழுதினால் அனுப்பி வைக்கிறேன். உங்கள் வீட்டார்மேல் எங்களுக்கு விரோதம் இல்லை. பார்க்கத் தகுந்த இடம் எது என்று இனி யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

இறங்கி வரும்போது, "மழை பெஞ்சா மண்ணு கரைஞ்சிடுமேம்மா" என்றேன். "கரையட்டும்ப்பா, திரும்ப வந்து பூசிக்கலாம்" என்றாள்.

நேற்று இரவு இங்கே நல்ல மழை. வாசலில் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். கையில் வீட்டிலிருந்து எடுத்த டப்பா இருக்கிறது. இதைத் தபாலில் போட்டுவிட்டு நாங்கள் கிளம்ப வேண்டும்.

நாகசுப்பிரமணியன்