தேயாத பொத்தான்

அன்புள்ள பெரியவனுக்கு,

பயிற்சி முடிந்து போர்முனைக்குக் கிளம்புவதாக நீ எழுதியதை உன் அம்மா மறுபடி படித்துக்கொண்டிருக்கிறாள். நான் நம் பழம்பொருள் கடைச் செய்தி சொல்கிறேன்.

பழைய ராணுவப் பொத்தானின் பின்பக்க முத்திரை, அது செய்யப்பட்ட வருடத்தைச் சொல்லும். முன்பக்கத் தேய்மானம், போட்டிருந்தவன் எத்தனை வருடம் துலக்கினான் என்பதைச் சொல்லும். நேற்று கடைக்கு வந்த ஒருவர் ஒரு பொத்தானின் சிங்கச் சின்னத்தைப் பார்த்து, "சார், சிங்கத்தோட மீசைகூட அப்படியே இருக்கே!" என்று குதித்தார். போர் நடந்த வருடத்துப் பொத்தான். அதன்பிறகு துலக்க ஆள் இல்லை. விற்பனைக்கு இல்லை என்றேன்.

"விக்க மாட்டீங்கன்னா மியூசியம்னு போர்டு மாத்துங்க" என்றாள் உன் அம்மா.

உன் பொத்தான்களைத் தினமும் துலக்கு. நீ ஓய்வுபெற்று வரும்போது, அவற்றில் இருப்பது சிங்கமா பூனையா என்று நான் தடுமாற வேண்டும்.

அப்பா